எறும்பைப் பார்த்த பிள்ளையும் யானையைக் காட்டிய அப்பாவும்

குழந்தைநல மருத்துவர் பதில்கள்

வாசகர் கடிதம்:

"டாக்டர், நாங்கள் செலாயாங்கில் இருக்கிறோம். மகனுக்கு 5 வயது, மகளுக்கு இரண்டரை. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் குடும்பத்தோடு சேர்ந்து ஒன்பது பேர் ஜூ நெகாராவுக்குப் போனோம். எல்லாரும் கிளம்பி உள்ளே நுழையும்போது பதினொன்றரை. பிள்ளைகள் குதித்துக் கொண்டாடுவார்கள் என்று நினைத்தேன். தொண்டை பலூன் மாதிரி ஊதும் ஒரு கருங்குரங்கு திடீரென்று கத்தியது. மகன் காதைப் பொத்திக்கொண்டு அழுதவன் அழுதவன்தான். சாப்பிட அடம்பிடித்தால் 'குரங்கைக் கூப்பிடவா?' என்று மாமியார் மிரட்டுவது வழக்கம். இப்போது அதைச் சொன்னாலே அலறுகிறான். கோலசிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த மாமியார், 'நாங்க பார்க்காத குரங்கா?' என்று சிரிக்கிறார்.

மகள் கதை வேறு. அவள் அப்பா தூக்கித் தூக்கிக் காட்டியும் யானையைப் பார்க்கவில்லை. பெஞ்சுக்கடியில் குந்திக்கொண்டு, 'அம்மா, எறும்பு சோறு தூக்குது' என்று என்னையும் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அரைமணி நேரம் அதே வேலை. 'இவளுக்குக் கவனிக்கிற சக்தியே இல்லையா?' என்று நாத்தனார் கேட்டது இன்னும் முள்ளாகக் குத்துகிறது. புலிக் கூண்டருகே மகன், 'அது என்ன தப்புப் பண்ணுச்சு?' என்று கேட்டான். 'அது கெட்டது, கடிக்கும்' என்று சொல்லி வைத்தேன். பள்ளி விடுமுறையில் மறுபடி போகலாம் என்கிறார் கணவர். போகலாமா? என் பிள்ளைகளிடம் ஏதும் குறை இருக்கிறதா?

பி.கு.: ஜூவுக்குப் போன வாரத்துக்கு முந்தின வாரம், பத்துமலையில் மகன் கையிலிருந்த பிஸ்கட்டைக் குரங்கு பறித்தது. நகம் பட்டு மணிக்கட்டில் கோடு விழுந்தது. மஞ்சள் வைத்தோம், ஆறிவிட்டது."

ஒரு தாய், செலாயாங்

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் பின்குறிப்பிலிருந்து தொடங்குகிறேன். மற்றக் கேள்விகள் ஒரு வாரம் காத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது, இது காத்திருக்கக்கூடாது. நாளைக் காலையிலேயே மகனை அழைத்துக்கொண்டு பக்கத்திலுள்ள அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குரங்கு கீறி மூன்று வாரம் ஆகிறது, ரத்தம் வந்ததா இல்லையா, இதுவரை என்னென்ன தடுப்பூசி போட்டிருக்கிறது என்பதையெல்லாம் சொல்லுங்கள். புண்தான் ஆறிவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். வெறிநாய்க்கடி நோய் என்று நாம் சொல்லும் ரேபிஸ் நாயால் மட்டும் வருவதில்லை. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நாய்களிடம் அது கண்டுபிடிக்கப்பட்டது. சரவாக்கில் 2017 முதல் மனித உயிர்களையும் பறித்திருக்கிறது. பத்துமலைக் குரங்கு கீறியதால் அது வந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. அதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஆனால் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லாத நோய் அது. கடியோ கீறலோ பட்டு இரண்டு மூன்று மாதம் கழித்தும் தலைகாட்டும். ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தக் கையைப் பார்க்கும் டாக்டர் முடிவு செய்யட்டும். டெட்டனஸ் ஊசியையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

இனி எப்போதாவது விலங்கு கடித்தாலோ கீறினாலோ, குழாய்த் தண்ணீரை ஓடவிட்டுச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 15 நிமிடம். மஞ்சள், காப்பித்தூள், பற்பசை எதையும் புண்ணில் வைக்காதீர்கள். கழுவிய கையோடு டாக்டரிடம் போய்விடுங்கள்.

அப்புறம், உங்கள் மகனின் பயத்துக்கும் பாதி விடை அந்தப் பின்குறிப்பில்தான் இருக்கிறது. நீங்கள் அதைத் தனியாக எழுதியிருக்கிறீர்கள். அவன் மனத்தில் அது தனியாக இல்லை. வரிசையாக யோசித்துப் பாருங்கள். சோறு உண்ணவில்லை என்றால் குரங்கு வரும் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். ஒருநாள் உண்மையாகவே குரங்கு வந்தது. அவன் முகத்துக்கு நேராகப் பல்லைக் காட்டி, கையில் இருந்ததைப் பிடுங்கி, கோடும் போட்டுவிட்டுப் போனது. அடுத்த வாரமே, அதைவிடப் பெரிய குரங்கு ஒன்று தொண்டையை ஊதிக்கொண்டு ஊரே கேட்கும்படி கத்துகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? பாட்டி சொன்னது நிஜம் என்று அவன் முடிவு கட்டியதில் தவறு ஒன்றுமில்லை. அவனிடம் குறையும் இல்லை.

நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் அது சியாமாங். நம் மலாய்த் தீபகற்பத்துக் காடுகளிலும் சுமத்ராவிலும் வாழும் வாலில்லாக் கருங்குரங்கு. கிப்பன் குடும்பத்தில் இதுதான் ஆகப் பெரியது. அதன் தொண்டைப் பை ஊதினால் அதன் தலை அளவுக்கு வரும். ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கூவும்; காட்டில் அந்தச் சத்தம் இரண்டு மூன்று கிலோமீட்டர் கேட்கும். 'இது எங்கள் இடம், மற்றவர்கள் தள்ளிப் போங்கள்' என்று பக்கத்துக் குடும்பத்துக்குச் சொல்வதுதான் அது. உங்கள் மகனை அது பார்த்திருக்கவே மாட்டாது. சில மீட்டர் தூரத்தில் நின்று அதைக் கேட்டால் பெரியவர்களுக்கே நெஞ்சு திக்கென்றுதான் ஆகும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். ஒரு பலூன் வாங்கிக்கொள்ளுங்கள், கருப்பு கிடைத்தால் நல்லது. அதை நீங்கள் உங்கள் தொண்டைக்குக் கீழே பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊதி, "ஊ... ஊ..." என்று மெல்லக் கூவுங்கள். அவன் முதலில் தள்ளித்தான் நிற்பான். நிற்கட்டும். காற்றை விட்டு பலூன் சுருங்கும்போது, "பார், இவ்வளவுதான்" என்று காட்டுங்கள். இரண்டாம் நாளோ நான்காம் நாளோ அவனே பலூனை வாங்கி ஊதுவான். அதற்குப் பிறகு தொலைபேசியில் சியாமாங் கூவும் ஒலியைத் தேடி எடுத்து, சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் அவன் விரலிலேயே இருக்கும்படி கொடுங்கள். நிறுத்தும் அதிகாரம் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் பாதியாகிவிடும். நான் பார்த்த பிள்ளைகளில் பலர் சில வாரங்களில் தாங்களே குரங்கு மாதிரிக் கூவிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடியிருக்கிறார்கள். "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்று மட்டும் யாரையும் சொல்ல விடாதீர்கள். "அது ஒன்றும் செய்யாது" என்றும் சொல்லாதீர்கள். ஒரு குரங்கு அவனைக் கீறியே விட்டதே! "அன்றைக்குக் குரங்கு கீறியது, உனக்கு வலித்தது, அம்மாவுக்கும் பயமாக இருந்தது" என்று நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.

தூக்கத்தில் அலறுவது, பாலர் பள்ளிக்குப் போகவே மறுப்பது, மிக்ஸி, கை உலர்த்தும் இயந்திரம், தீபாவளி வெடி என்று எந்தச் சத்தத்துக்கும் சுருண்டு போவது, இப்படி அன்றாட வாழ்க்கையே தடைபட்டு மாதக்கணக்கில் நீடித்தால் நேரில் காட்டுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் தெரியவில்லை.

இப்போது உங்கள் மாமியார். அவரைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். பூச்சாண்டியையும் குரங்கையும் கூப்பிட்டுச் சோறு ஊட்டியது நம் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான். அவர் அன்பில் குறை வைத்து அதைச் செய்யவில்லை. ஆனால் அந்த மிரட்டல் இன்றோடு நிற்கவேண்டும். அவரிடம் தனியாக, பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து, "அத்தை, டாக்டர் உங்களிடம் ஓர் உதவி கேட்கச் சொன்னார்" என்று ஆரம்பியுங்கள். உதவி இதுதான். கோலசிலாங்கூரில் வளர்ந்தவர் புக்கிட் மெலாவாத்திக் குரங்குகளைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார். அந்த வெள்ளிநிற இலைக்குரங்கின் குட்டி என்ன நிறத்தில் பிறக்கும் தெரியுமா? பளிச்சென்ற ஆரஞ்சு. தாய் சாம்பல் நிறமாக இருக்க, மடியில் ஆரஞ்சுக் குட்டி தொங்கிக்கொண்டிருக்கும். கூட்டத்தில் உள்ள மற்றப் பெண் குரங்குகளும் அதைக் கைமாற்றிக் கைமாற்றி வைத்துக்கொள்ளும், நம் வீட்டு விசேஷங்களில் கைக்குழந்தை சுற்றிவருவது மாதிரி. தோட்டத்தில் குரங்கு, காட்டுப்பன்றி, உடும்பு, மலைப்பாம்பு என்று அவர் கண்ணால் கண்டது எவ்வளவோ இருக்கும். லயத்து வீட்டுக் கூரையில் குரங்கு ஓடிய கதையைத் தூங்கும் நேரத்தில் அவர் சொல்லட்டும். குரங்கைக் கூப்பிட்டு மிரட்டிய அதே குரலில் குரங்குக் கதை வரும்போது பேரன் மனத்தில் அது வேறு விலங்காக மாறும். உங்களாலும் என்னாலும் செய்ய முடியாத வேலை அது.

சரி, எறும்புக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

இரண்டரை வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒருமுறை முட்டி போட்டுப் பாருங்கள். அந்த உயரத்திலிருந்து யானைக் கொட்டகையைப் பார்த்தால் முதலில் தெரிவது தடுப்புச் சுவர், அப்புறம் முன்னால் நிற்பவர்களின் கால்கள், அவற்றுக்கு அப்பால் எங்கேயோ சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று. அது அசையவும் இல்லை. பெரியவர்களுக்கு யானை 'யானை'. நாம் அதன் பெயரை, கதையை, பிள்ளையாரை, கோயில் யானையை எல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறோம். அவளுக்கு அது தூரத்தில் இருக்கும் சுவர் மாதிரி. எறும்போ அவள் மூக்குக்குக் கீழே இருக்கிறது. தன்னைவிடப் பெரிய பருக்கையைத் தூக்குகிறது, தடுமாறுகிறது, இன்னொன்று வந்து முட்டிவிட்டுப் போகிறது. தொடக்கமும் நடுவும் முடிவும் உள்ள ஒரு வேலை அவள் கண்முன்னே நடக்கிறது. அதை அரைமணி நேரம் பார்த்தாள் என்கிறீர்கள். கவனிக்கும் சக்தி இல்லாத பிள்ளையால் இது முடியுமா? அந்த வயதில் ஒரே வேலையில் ஐந்து நிமிடம் நிலைத்தாலே நாங்கள் நல்லது என்போம்.

அதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் உங்களை அறியாமலே எழுதியிருக்கிறீர்கள். அவள் உங்களைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, "அம்மா, எறும்பு சோறு தூக்குது" என்றாள். ஒரு பிள்ளையின் வளர்ச்சியைப் பற்றிக் கவலையோடு பெற்றோர் வரும்போது நான் கேட்கும் முதல் கேள்விகள் இவைதான். தனக்குப் பிடித்ததைச் சுட்டிக் காட்டுகிறாளா? காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாளா? இரண்டு மூன்று சொல்லைச் சேர்த்துப் பேசுகிறாளா? உங்கள் மகள் மூன்றையும் ஒரே வரியில் செய்துவிட்டாள். அரசாங்க கிளினிக்கில் ஒன்றரை வயதிலும் 3 வயதிலும் இதற்கென்றே ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்கள். 3 வயது முடியும்போது நிரப்பிக் கொடுங்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வதுதான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, எதையும் சுட்டிக் காட்டாத, தான் பார்ப்பதை யாரோடும் பகிர்ந்துகொள்ளாத பிள்ளை தனியே ஒரு மூலையில் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் கவலைப்பட்டிருப்பேன். நாத்தனார் சொல்லை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

அன்றைய பயணம் கெட்டுப்போனதற்குப் பிள்ளைகள் காரணமில்லை, கடிகாரம்தான் காரணம். ஜூ காலை 9 மணிக்குத் திறக்கிறது. நீங்கள் நுழைந்தது பதினொன்றரைக்கு. கோலாலம்பூரில் அதற்குமேல் வெயில் 32, 33 டிகிரிக்கு ஏறிவிடும். பாதி விலங்குகள் நிழல் தேடிப் படுத்துவிடும் நேரம் அது. பிள்ளைகளுக்கும் பசியும் தூக்கமும் சேர்ந்து வரும் நேரம். போதாதற்கு ஒன்பது பேர். ஒருவர் கழிப்பறைக்குப் போனால் எட்டுப் பேர் வெயிலில் நிற்கவேண்டும். ஜூ நெகாராவின் பரப்பு 110 ஏக்கர். 1963இல் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்த அந்த இடத்தை ஒரே நாளில் முழுதும் பார்த்துவிட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இரண்டரை வயதுக் காலுக்கு அது ஒரு தோட்டம் இல்லை, ஓர் ஊர்.

ஆகவே, போகலாமா என்ற கேள்விக்கு என் பதில்: போங்கள். நீங்கள் நான்கு பேரும் மாமியாரும் மட்டும். நாத்தனார் குடும்பத்தோடு இன்னொரு நாள் சாப்பிடப் போய்க்கொள்ளலாம். முடிந்தால் கணவர் ஒரு வார நாளில் லீவு எடுக்கட்டும். பள்ளி விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் எம்.ஆர்.ஆர். 2 சாலை எப்படி இருக்கும் என்று செலாயாங்கில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வீட்டிலேயே பசியாறிவிட்டு எட்டேகாலுக்குக் காரில் ஏறினால் கதவு திறக்கும்போது வாசலில் இருப்பீர்கள். மாமியாருக்குச் சர்க்கரை நோய் மருந்து இருந்தால் அவர் பசியாறாமல் கிளம்பவே கூடாது. இரண்டு பிள்ளைகளும் அவரவர் இருக்கையில் வாரோடு உட்காரட்டும்; குழந்தை இருக்கை 2020 ஜனவரி முதல் சட்டப்படியே கட்டாயம், பாட்டி மடி அதற்கு ஈடாகாது. மைகாட், மைகிட் அடையாள அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், உள்நாட்டுக் குடும்பத்துக்குக் கட்டணம் குறைவு. வாசலிலேயே இரண்டு பிள்ளைகளையும் அன்று போட்டிருக்கும் சட்டையோடு ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். யாராவது கைதவறிப் போனால் ஊழியரிடம் காட்ட அதுதான் உதவும்.

அந்த ஒரு படத்தோடு தொலைபேசி கைப்பைக்குள் போய்விட்டால் ரொம்ப நல்லது. ஒட்டகச்சிவிங்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "இங்க பாரு, இங்க பாரு, சிரி" என்று சொல்லும் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை பார்த்தது தொலைபேசியைத்தான்.

நான்கு விலங்கு போதும். ஒன்றை மகனும் ஒன்றை மகளும் தேர்ந்தெடுக்கட்டும். மகள் மறுபடி எறும்பு என்றால் எறும்புதான். மற்ற இரண்டுக்கு என் விருப்பத்தைச் சொல்கிறேன். தெனுக் என்று மலாயில் சொல்லும் டேப்பிர் முதலாவது. முன்பாதி கருப்பு, கால்கள் கருப்பு, நடுவில் மட்டும் வெள்ளை வேட்டியை இறுக்கிச் சுற்றிக்கொண்ட மாதிரி இருக்கும். முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று; மகன் எண்ணிப் பார்க்கலாம். அதன் குட்டி தர்பூசணிப் பழம் மாதிரி கோடும் புள்ளியுமாகப் பிறந்து, சில மாதங்களில் தாயின் நிறத்துக்கு மாறிவிடும். இரவு விலங்கு அது, வெயில் ஏற ஏறத் தூங்கத்தான் பார்க்கும். அதனால் முதலில் அங்கே போய்விடுங்கள். இரண்டாவது இருவாச்சி. சரவாக்கின் மாநிலப் பறவை அதில் ஒரு வகைதான். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலைத் தானே அடைத்துக்கொண்டு முட்டையிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் விடும். உள்ளே இருக்கும் தாய்க்கும் குஞ்சுக்கும் ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்டவேண்டும். "அப்பா வரலேன்னா?" என்று மகன் கேட்பான். பேசிக்கொண்டே ஒரு பெஞ்சில் உட்காருங்கள், மாமியாருக்கும் முட்டிக்கு ஓய்வு. சியாமாங் இருக்கும் பக்கம் நீங்களாக அழைத்துப் போகவேண்டாம். அவனே கேட்டால் போங்கள், எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதையும் அவனே முடிவு செய்யட்டும்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், இரண்டு மிடறு தண்ணீர் கொடுங்கள். மைலோவும் குளிர்பானமும் தண்ணீர்க் கணக்கில் சேராது. தள்ளுவண்டியில் மகள் தூங்கிவிட்டால் வெயில் படாமலிருக்கத் துண்டைப் போட்டு மூடும் பழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம், உள்ளே காற்று நின்று சூடு ஏறிவிடும். குடையைப் பிடித்து நிழல் கொடுங்கள். சேட்டை செய்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று சோர்ந்து, உடம்பு கொதித்து, கண்ணீர் இல்லாமல் அழுதால் அதோடு பயணம் முடிந்தது. நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணியால் துடைத்துத் தண்ணீர் கொடுங்கள். கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை, உளறுகிறான் என்றால் 999க்கு அழைத்துவிட்டு உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். டெங்கிக் கொசு பகலில் கடிப்பது, அதனால் நீளக் கால்சட்டை போட்டு கொசு மருந்தும் தடவிவிடுங்கள். பதினொன்றரைக்கு, போன தடவை நீங்கள் உள்ளே நுழைந்த அதே நேரத்துக்கு, வெளியே வந்துவிடுங்கள். இரண்டு மணிக்கு மேல் இடிமழை பிடித்துக்கொண்டால் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள்.

கை கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன், காரணம் இருக்கிறது. என் மகளுக்கு மூன்று வயதிருக்கும்போது முயலுக்கும் ஆட்டுக்கும் பிள்ளைகள் கையால் தீனி கொடுக்கும் ஒரு சிறு பண்ணைக்கு அழைத்துப் போனேன். கை கழுவும் இடம் கொஞ்சம் தூரம். கைப்பையில் இருந்த கிருமிநாசினி ஜெல்லைத் தடவிவிட்டு, முறுக்குப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அதில் ரத்தம். சால்மோனெல்லா கிருமி. நான்கு நாள் மருத்துவமனையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருக்கும் ஆடு, கோழி, ஆமை எதன் உடம்பிலும் இந்தக் கிருமிகள் இருக்கும்; அவற்றுக்கு ஒன்றும் செய்யாது. 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத்தான் அவை அதிகம் படுத்தும். மண்ணும் சாணமும் ஒட்டிய கையில் ஜெல் வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும், நகத்துக்கடி வரை. விலங்கைத் தொடாவிட்டாலும் அந்தக் கம்பியையும் தடுப்பையும் தொட்டிருப்பார்கள். விலங்குகள் இருக்கும் இடத்தில் நடந்துகொண்டே பிஸ்கட் கொடுக்காதீர்கள், தண்ணீர்ப் புட்டியைத் தரையில் உருளவிடாதீர்கள். முதலில் கை, அப்புறம் வாய். போய்வந்த ஒரு வாரத்துக்குள் ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு வந்தால் டாக்டரிடம், "விலங்குகள் உள்ள இடத்துக்குப் போயிருந்தோம்" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

பத்துமலைக்கும் ஒரு வார்த்தை. முருகனைப் பார்க்கப் போகாமல் இருக்க முடியாது. கையில் பிளாஸ்டிக் பை, பிஸ்கட், பழம் எதுவும் வெளியே தெரியக்கூடாது. அங்குள்ள குரங்குக்குப் பை என்றாலே சாப்பாடு. அதன் கண்ணை உற்றுப் பார்ப்பதும் பல் தெரியச் சிரிப்பதும் அதன் மொழியில் சண்டைக்கு அழைப்பு. மகனுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். என்ன செய்யவேண்டும் என்று தெரிந்த பிள்ளை பயந்து ஓடாது. அவன் ஓடினால்தான் குரங்கு துரத்தும்.

புலியைப் பற்றிய கேள்விதான் மீதி. "அது என்ன தப்புப் பண்ணுச்சு?" உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி. வீட்டில் தப்புச் செய்தால் மூலையில் நிற்கவைக்கிறோம். அடைத்து வைத்திருப்பதைப் பார்த்து அது தண்டனை என்று அவன் நினைத்தது இயல்பு. 'கெட்டது, கடிக்கும்' என்ற பதிலை அடுத்த முறை மாற்றிச் சொல்லுங்கள். புலி எந்தத் தப்பும் செய்யவில்லை. மலாயாப் புலி நம் நாட்டுச் சின்னத்தில் இரண்டு பக்கமும் நிற்கிறது, ஆனால் காட்டில் இப்போது 150க்கும் குறைவாகத்தான் இருக்கிறது. காட்டை வெட்டினோம், கம்பிக் கண்ணி வைத்துச் சிலர் பிடித்தார்கள், அது தின்னும் மானும் குறைந்துபோனது. "அப்ப இதைக் காட்டுக்கு அனுப்பிடலாமே?" என்று அவன் கேட்டால், இங்கேயே வளர்ந்த புலிக்கு வேட்டையாடிப் பிழைக்கத் தெரியாது என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் "பாவம்" என்றால், ஆமாம், பாவம்தான் என்று நீங்களும் சொல்லுங்கள். எனக்கும் அந்தக் கம்பிக்கு முன்னால் நிற்கும்போது அப்படித்தான் இருக்கிறது. அவனை அதிலிருந்து திருப்பி ஐஸ்கிரீம் கடைக்கு இழுத்துப் போகாதீர்கள். புலி நடப்பதை அவன் எவ்வளவு நேரம் பார்க்கவேண்டுமோ பார்க்கட்டும். மகள் பக்கத்தில் எறும்பைத் தேடிக்கொண்டிருப்பாள்.

நாளைக் காலை கிளினிக்குக்குக் கிளம்பும்போது தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.